குழந்தையின் முழங்கை முறிவு: கீறாமல் கம்பியா, கீறிச் சேர்ப்பதா?

மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். சித்திரை, வைகாசியில் மாங்காய். இந்த நான்கு மாதமும் கிருஷ்ணகிரியில் நான் பிசியோதெரபி பார்க்கும் அறையில் முழங்கை நீளாத குழந்தைகள் கூடிவிடுவார்கள். எல்லோரும் மரத்திலிருந்து விழுந்தவர்கள் இல்லை. திண்ணையில் ஏறி மாங்காய்க் கூடையை எட்டிப் பார்த்தவள், ஊஞ்சலிலிருந்து குதித்தவன், அப்பாவின் மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு வந்தவன் என்று பலவகை. விழுகிற விதம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். கையை நீட்டி ஊன்றுவார்கள், முழங்கை பின்னுக்கு வளையும், எலும்பு விட்டுவிடும்.

போன வைகாசியில் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஓர் அப்பா இரவு பத்து மணிக்கு அழைத்தார். ஆறு வயதுப் பையன், இடது கை.

"சார், கம்பி வைக்கணும்ங்கறாங்க. வெச்சுத்தான் ஆகணுமா? கட்டு கட்டினா சேராதா?"

"முறிவுக்கு என்ன பேர் சொன்னாங்க?"

"முழங்கையில உடைஞ்சிருக்குன்னாங்க சார்."

"அந்தப் பேரை ஒரு தாள்ல எழுதி வாங்கிட்டு வந்து படிச்சுக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

கொஞ்ச நேரம் கழித்து எழுத்துக்கூட்டிப் படித்தார்: "சூப்ரா... காண்டிலார்... டைப் மூணு."

சரி, பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் வந்துவிட்டது. எனக்கு வரும் அழைப்புகளில் எல்லோரும் கேட்பது கீறுவார்களா மாட்டார்களா, பிளேட்டா கம்பியா, சேலமா பெங்களூரா என்பதுதான். முறிவின் பெயரை யாரும் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. ஆனால் குழந்தைகளின் முழங்கையில் அந்தப் பெயரை வைத்துத்தான் மற்ற எல்லாமே முடிவாகும். 'எப்படியாவது கீறாமல் முடித்துவிடுங்கள்' என்று பெற்றவர்கள் கெஞ்சுவது ஒரு முறிவில் நியாயம், இன்னொன்றில் குழந்தையின் கைக்கே கேடு. நான் கத்தி பிடிக்கிறவன் அல்ல. மூன்று வாரம், மூன்று மாதம், சில சமயம் மூன்று வருடம் கழித்து அந்தக் கை எப்படி வந்து நிற்கிறது என்று பார்க்கிறவன். அந்த இடத்திலிருந்து சொல்வதாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பளம் உடைவதும் குமிழ் உடைவதும்

மேல்கை எலும்பு கீழே வரவரத் துடுப்பு மாதிரி தட்டையாகும். முழங்கைக்குச் சற்று மேலே அதன் முன்பக்கம் ஒரு குழி, பின்பக்கம் ஒரு குழி. இரண்டுக்கும் நடுவே இருக்கும் எலும்பு அப்பளம் போல மெல்லியது. ஐந்து, ஆறு, ஏழு வயதில் கையூன்றி விழுந்தால் அந்த இடத்தில்தான் முதலில் விடும். இதுதான் சூப்ராகாண்டிலார் முறிவு. குழந்தைகளின் முழங்கையில் அதிகம் பார்ப்பது இதைத்தான். மூட்டுக்கு மேலே உடைகிறது, மூட்டின் வழவழப்பான பரப்பு பிழைத்துக்கொள்கிறது. ஆபத்து வேறு பக்கம்: உடைந்த மேல்முனை முன்னால் நீட்டிக்கொண்டு கைக்குப் போகும் ரத்தக்குழாயையும் நரம்பையும் குத்தும்.

அடுத்து அதிகம் வருவது லேட்டரல் காண்டைல் முறிவு. முழங்கையின் வெளிப்பக்கக் குமிழ், மூட்டுப் பரப்பின் ஒரு துண்டையும் சேர்த்துக்கொண்டு தனியே கழன்றுவிடும். ரத்தக்குழாய்க்கு அநேகமாக ஒன்றும் ஆகாது, வீக்கம் குறைவு, விரல்கள் நன்றாக அசையும். பார்க்க அப்பாவி மாதிரி இருக்கும். இந்த வயதில் அந்தக் குமிழில் பெரும்பகுதி குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் விழாது. படத்தில் அவரை விதை அளவு தெரிந்தால் உள்ளே நெல்லிக்காய் அளவு துண்டு கிடக்கும். அதனால்தான் சில டாக்டர்கள் நல்ல கையையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். "உடையாத கைக்கு எதுக்குச் சார் எக்ஸ்ரே, காசு பிடுங்கறாங்க" என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். போட வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது.

இன்னொரு விஷயமும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 'சின்னப் பிள்ளை எலும்பு, வளர வளரத் தானா நேராயிடும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். மணிக்கட்டுக்கு, தோள்பட்டைக்கு அது பெருமளவு உண்மை. மேல்கை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறக்குறைய 80 சதவீதம் தோள்பட்டை முனையில் நடக்கிறது, முழங்கை முனையில் 20 சதவீதம்தான். வளர்ச்சி குறைவான இடத்தில் கோணல் தானாக நிமிராது. ஆகவே முழங்கையில் எலும்பை முதலிலேயே சரியாக உட்கார வைத்தாக வேண்டும்.

சூப்ராகாண்டிலார்: கீறாமல் கம்பி

கார்ட்லேண்ட் என்ற மருத்துவர் 1959-இல் போட்ட வகைப்பாட்டைத்தான் இன்றும் சீட்டில் எழுதுகிறார்கள். டைப் ஒன்று, விரிசல்; எலும்பு நகரவில்லை. மூன்று வாரம் மாவுக்கட்டு போதும், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. டைப் மூன்று, இரண்டு துண்டும் முழுசாகப் பிரிந்துவிட்டது. பிற்பாடு சேர்த்த டைப் நான்கு, எந்தப் பக்கமும் நிற்காமல் ஆடுவது. இடையில் இருக்கும் டைப் இரண்டில்தான் டாக்டர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு. அதில் எலும்பு முன்பக்கம் திறந்து, பின்பக்கம் கீல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சமாகச் சாய்ந்திருந்தால் அழுத்தி நேராக்கி மாவுக்கட்டு போட்டுப் பார்க்கலாம். ஆனால் அது நகராமல் நிற்க முழங்கையை 90 டிகிரிக்கு மேல் மடக்கிக் கட்ட வேண்டும். வீங்கிய கையை அப்படி மடக்கினால் ரத்த ஓட்டம் நெருக்கப்படும். கம்பி போட்டுவிட்டால் கையை அவ்வளவு மடக்கத் தேவையில்லை, தளர்வாக வைக்கலாம். டைப் இரண்டில் நன்றாகச் சாய்ந்திருக்கிறது, டாக்டர் கம்பி சொல்கிறார் என்றால் என் வீட்டுப் பிள்ளைக்கு நான் ஒத்துக்கொள்வேன். லேசான சாய்வுதான், ஆனால் வீடு சித்தேரி மலையில் இருக்கிறது, வாராவாரம் எக்ஸ்ரேவுக்கு இறங்கி வர முடியாது என்றாலும் கம்பிப் பக்கமே சாய்வேன்.

டைப் மூன்றுக்குக் கட்டு என்பது ஒரு வழியே அல்ல என்று காவேரிப்பட்டணத்து அப்பாவிடம் சொன்னேன். அவர் மாமியார் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "எங்க ஊர்ல ஆந்திரா கட்டுக்காரர் தப்பை வெச்சுக் கட்டிச் சேர்த்திருக்காரே!" ஆமாம், சேர்த்திருப்பார். எலும்பு எப்படியும் சேரும், குழந்தை எலும்பு கோணலாக இருந்தாலும் மூன்று வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். கோணலாகச் சேர்ந்த முழங்கை உள்பக்கமாக வளைந்து துப்பாக்கிக் கட்டை போல நிற்கும். வேலை செய்யும், ஆனால் அரைக்கைச் சட்டை போட்ட நாளெல்லாம் கண்ணில் படும். நிமிர்த்த வேண்டுமானால் பிற்பாடு எலும்பை வெட்டித் திரும்பச் சேர்க்க வேண்டும். இதுகூடப் பரவாயில்லை. என் பயம் வேறு: முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி மூங்கில் தப்பையை இறுக்கிக் கட்டியபின் உள்ளே வீக்கம் கூடும், கட்டு விரியாது. தசைக்கு ரத்தம் போகாமல் சில மணி நேரம் போனால் அந்தத் தசை இறந்துவிடும், விரல்கள் கொக்கி மாதிரி சுருங்கிவிடும். வோல்க்மேன் சுருக்கம் என்று பேர். இறுக்கமான மாவுக்கட்டிலும் இதே ஆபத்து உண்டு, நாட்டு வைத்தியத்தை மட்டும் குறை சொல்லவில்லை. அந்த மாதிரி ஒரு கையை என் அறையில் வைத்துப் பார்த்தவன் மறக்கமாட்டான். பத்து வயதுப் பெண். டம்ளரைப் பிடிக்க மணிக்கட்டை முதலில் கீழே மடக்கினாள், அப்போதுதான் விரல் கொஞ்சம் திறந்தது. டம்ளரை விரலுக்குள் நுழைத்துக்கொண்டு மணிக்கட்டை நிமிர்த்தினாள், விரல்கள் தானாக மூடின. அதை அவளே கண்டுபிடித்திருந்தாள்.

இன்னொரு பழைய வழி, கையை எடை கட்டித் தொங்கவிட்டு இரண்டு மூன்று வாரம் மருத்துவமனையில் படுக்க வைப்பது. ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரேயைத் திரையில் காட்டும் சி-ஆர்ம் கருவி வராத காலத்து முறை, இப்போது அபூர்வம்.

கம்பி என்றால் என்ன? மயக்கம் கொடுத்து, கையை இழுத்து, திருப்பி, மடக்கி, சி-ஆர்ம் திரையில் பார்த்துக்கொண்டே எலும்பை உட்கார வைப்பார்கள். அப்புறம் தோலின் வழியாகவே கே-வயர் என்ற கம்பியைத் துரப்பணத்தால் செலுத்துவார்கள். 1.6 அல்லது 2 மில்லிமீட்டர்; சைக்கிள் ஸ்போக்ஸ் தடிமன் அல்லது அதைவிட மெல்லியது. வெட்டு இல்லை, தையல் இல்லை. நுனியை வளைத்துத் தோலுக்கு வெளியே விட்டு மேலே மாவுக்கட்டு. பிளேட் வைப்பார்களா என்று கேட்பவர்களுக்கு: இந்த வயதில் இந்த முறிவுக்குப் பொதுவாகத் தேவைப்படாது, அது பெரியவர்கள் கணக்கு, கொஞ்சம் பதின்வயதுப் பிள்ளைகளின் கணக்கு.

பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்லாத தேர்வு ஒன்று கம்பிக்குள்ளேயே இருக்கிறது. எல்லாக் கம்பியும் வெளிப்பக்கத்திலிருந்தா, அல்லது வெளியிலிருந்து ஒன்றும் உள்பக்கத்திலிருந்து ஒன்றுமாகக் குறுக்கேயா? குறுக்குக் கம்பி முறுக்கு விசையை நன்றாகத் தாங்கும், ஆய்வுக்கூடத்தில் எலும்பு மாதிரியை முறுக்கிப் பார்த்தவர்கள் சொல்வது இது. ஆனால் முழங்கையின் உள்பக்கம் புடைத்திருக்கும் எலும்பு மொட்டை ஒட்டித்தான் அல்நார் நரம்பு ஓடுகிறது. கதவில் இடித்தால் சுண்டுவிரல் வரை சுர்ரென்று இழுக்குமே, அதே நரம்பு. உள்பக்கக் கம்பி அதைக் குத்தலாம், இழுத்துப் பிடிக்கலாம். 2010-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, வெளிப்பக்கக் கம்பிக்குப் பதில் குறுக்குக் கம்பி போட்டால் 28 குழந்தைக்கு ஒரு அல்நார் நரம்புக் காயம் கூடுதலாக வருகிறது என்று கணக்கிட்டது. பெரும்பாலும் அது மாதங்களில் மீண்டுவிடும். ஆனாலும் சுண்டுவிரல் மரத்துப்போன குழந்தையின் அம்மாவிடம் 'பெரும்பாலும்' என்ற சொல் எடுபடாது.

வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு கம்பி, ஒன்றுக்கொன்று விலகி விசிறி மாதிரி விரிந்து முறிவைக் கடந்தால், பெரும்பாலான முறிவுகளுக்குப் பிடிப்பு போதும். ஆடுகிறது என்று தோன்றினால் மூன்றாவது கம்பியையும் அதே பக்கம் போடலாம். வெளிப்பக்கக் கம்பி விட்டுப்போன கதைகளில் பலவும் கம்பிகள் நெருங்கிப்போய் முறிவு மட்டத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டதால் வந்தவை. முறிவுக் கோடு உள்பக்கம் சரிந்து போகும் சில வகைகளில் உள்பக்கக் கம்பி இல்லாமல் முடியாது. அப்போது வெளிக்கம்பியை முதலில் போட்டு, முழங்கையைக் கொஞ்சம் நீட்டி, சின்னதாகக் கீறி நரம்பை ஒதுக்கிப் போடுகிற கவனமான சர்ஜன்கள் உண்டு. கையை முழுக்க மடக்கிவைத்தே உள்பக்கம் குத்தினால்தான் நரம்பு முன்னால் நழுவிவந்து மாட்டும். ஆகவே நான் பெற்றவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: "உள்பக்கமும் கம்பி வருமா சார்?" வரும் என்றால், "நரம்பை எப்படிப் பார்த்துக்குவீங்க?" சண்டைக்குக் கேட்பது போல இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பது போல. பதில் சொல்கிற டாக்டரிடம் கையைக் கொடுக்கலாம்.

சூப்ராகாண்டிலாரில் கீறித் திறக்கவே கூடாதா? அப்படியும் இல்லை. தசைக்குள் எலும்பு முனை பொத்தான் துளையில் மாட்டியது போல மாட்டிக்கொண்டு எவ்வளவு இழுத்தும் உட்காராவிட்டால், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், எலும்பை நேராக்கிய பிறகும் கை வெளுத்தே கிடந்தால் திறக்க வேண்டியதுதான். தழும்பு வரும், விறைப்பு கொஞ்சம் கூடலாம். ஆனால் பத்து முறை இழுத்து இழுத்துத் தசையை நசுக்குவதைவிட ஒருமுறை திறப்பது மேல். சம்மதப் படிவத்தில் 'தேவைப்பட்டால் திறந்து' என்று ஒரு வரி இருக்கும். அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

லேட்டரல் காண்டைல்: இங்கே கத்திக்குப் பயப்படாதீர்கள்

சில வருடம் முன்பு ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஏழு வயதுப் பையனைக் கூட்டிவந்தார்கள். ஐந்து மாதம் முன்பு விழுந்திருக்கிறான். முதலில் பார்த்த டாக்டர் திறந்து கம்பி வைக்க வேண்டும் என்றாராம். கீறாமல் செய்கிற இடம் தேடி இரண்டு ஊர் அலைந்து, கடைசியில் மாவுக்கட்டோடு அனுப்பிய இடத்தில் நின்றுவிட்டார்கள். கட்டு பிரித்தாயிற்று, வலியில்லை, கை மட்டும் முழுசாக நீளவில்லை, பயிற்சி கொடுங்கள் என்றார்கள். முழங்கையின் வெளிப்பக்கம் கட்டைவிரலை வைத்தேன். குமிழ் லேசாக நகர்ந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு நகரவே கூடாத ஒன்று. என்னால் ஆகிற வேலை இல்லை என்று அன்றே எக்ஸ்ரே எடுக்க அனுப்பினேன். சேரவே இல்லை.

காரணம் இதுதான். இந்த முறிவு மூட்டுக்குள் போகிறது. மூட்டுத் திரவம் முறிவுக்குள் நின்று ஒட்டவிடாது. குமிழோடு ஒட்டியிருக்கும் முன்கைத் தசைகள் துண்டை விடாமல் இழுக்கும், திருப்பிக்கூடப் போடும். சேராமல் விட்ட குமிழ் வளர்ச்சியில் பின்தங்கும், முழங்கை வருடா வருடம் வெளிப்பக்கம் வளையும், உள்பக்கம் அந்த அல்நார் நரம்பு இழுபட்டு இழுபட்டுப் பல வருடம் கழித்து, அந்தப் பையன் பைக் ஓட்டுகிற வயதில், சுண்டுவிரல் மரக்கத் தொடங்கும். அப்போது வைகாசியில் விழுந்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எனவே கணக்கு மில்லிமீட்டரில் நடக்கிறது. விலகல் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மாவுக்கட்டு. ஆனால் கட்டுக்குள்ளேயே நகரக்கூடும் என்பதால் முதல் சில வாரம் வாராவாரம் எக்ஸ்ரே, அதுவும் கையைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி எடுக்கும் சாய்வுப் படத்தோடு. இரண்டுக்கும் நாலுக்கும் இடையே, மூட்டுக்குள் சாயம் செலுத்திப் பரப்பு சமமாக இருக்கிறதா என்று பார்த்துத் தோல்வழியே கம்பி போடும் சர்ஜன்கள் உண்டு. கைபழகியவர் செய்தால் நல்ல வழி. அதற்கு மேல் விலகியிருந்தால், துண்டு திரும்பியிருந்தால், வெளிப்பக்கம் கீறி மூட்டுப் பரப்பைக் கண்ணால் பார்த்துச் சேர்ப்பதுதான் வழக்கமான வழி. படத்தில் தெரியாத குருத்தெலும்பைக் கண்ணால் பார்த்தால்தானே சேர்க்க முடியும்? அந்தக் கீறலில் ஒரு நுணுக்கம், துண்டுக்கு ரத்தம் வருவது பின்பக்கத்திலிருந்து. அங்கே தோண்டக் கூடாது. இது சர்ஜனுக்குத் தெரியும், நமக்குத் தேவையானது வேறு: நாள் கடத்தினால் மூன்று வாரத்துக்கு மேல் அரைகுறையாய் ஒட்டிய துண்டைப் பிரித்து எடுக்கப் பின்பக்கமும் கிளற வேண்டிவரும், அப்போதுதான் துண்டு ரத்தமின்றிப் போகிறது. ஊத்தங்கரைக் குடும்பம் அலைந்த நாட்கள் அப்படிப் போனவை.

கீறியபின் கம்பியா திருகா? கம்பி மலிவு, நாலு முதல் ஆறு வாரத்தில் உருவிவிடலாம். வெளியே நீட்டி விட்டால் துளையில் சீழ் பிடிக்கக் கொஞ்சம் வாய்ப்பு, தோலுக்குள் புதைத்தால் எடுக்க இன்னொரு மயக்கம். திருகு துண்டை அழுத்திப் பிடிக்கும், கையைச் சீக்கிரம் அசைக்கலாம், ஆனால் எடுக்க மறுபடி ஆபரேஷன். சின்னக் குழந்தைக்குக் கம்பி, துண்டு பெரிதாயிருக்கும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குத் திருகு என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. இதில் டாக்டரின் கைப்பழக்கத்துக்கே விட்டுவிடுங்கள், இங்கே பேரம் வேண்டாம்.

மற்ற முறிவுகளை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மூட்டு விலகியபோது உள்பக்க மொட்டு உடைந்து மூட்டுக்குள் மாட்டிக்கொண்டால் ஆபரேஷன் கட்டாயம். மாட்டாமல் வெளியே இருந்தால் பல பிள்ளைகளுக்குக் கட்டே போதும். முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பான ரேடியஸின் கழுத்து, முழங்கையருகே 30 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் நிமிர்த்த வேண்டும், அதையும் கீறாமல் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து வளையும் கம்பி விட்டு நிமிர்த்தும் வழி உண்டு. முன்கை உடைந்த எக்ஸ்ரேயில் முழங்கை தெரியவில்லை என்றால் முழங்கையையும் எடுக்கச் சொல்லுங்கள். மாண்டேஜியா என்ற முறிவில் முன்கை மட்டும் கண்ணில் பட்டு, மேலே மூட்டு விலகியது தவறிப்போகும்.

எங்கே, எப்போது

இரவு பத்து மணிக்கு அந்த அப்பாவுக்கு இருந்த வழிகள் இவை: அவர் நின்றிருந்த சின்ன மருத்துவமனையிலேயே உடனே, காலையில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி, தொப்பூர் கணவாய் தாண்டிச் சேலம், ஓசூர் வழியாகப் பெங்களூரு. பெங்களூருதான் உயர்ந்தது என்று நம்மில் பலருக்கும் ஓர் எண்ணம். கே-வயர் போடுகிற வேலை பெரிய நகரத்து வேலை அல்ல. சி-ஆர்ம், குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மயக்க மருத்துவர், இந்த முறிவை அடிக்கடி பார்க்கிற எலும்பு மருத்துவர், இந்த மூன்றும் இருக்கிற மிகப் பக்கத்து இடம் எதுவோ அதுதான் நல்ல இடம். முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் (ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் என்பது வரம்பு) அந்த மருத்துவமனையில், அதுவும் மாநிலம் தாண்டினால், செல்லுமா என்று வண்டி ஏறும் முன் கேளுங்கள். அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வருவது நம் வழக்கம்.

அவசரமா இல்லையா என்பதைக் கையே சொல்லும். போனில் அவரிடம் நான் கேட்டவை: மணிக்கட்டில் நாடி துடிக்கிறதா என்று டாக்டர் பார்த்தாரா? விரல் நுனி சிவப்பா, வெளுப்பா? கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாகக் காட்டச் சொல்லுங்கள், நுனி மடங்கி வட்டம் வருகிறதா, நுனி நீட்டியபடி தட்டையாகிறதா? தட்டையானால் நரம்பு ஒன்று மயங்கியிருக்கிறது. அநேகமாக மாதங்களில் திரும்பிவிடும், ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே சீட்டில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு விழுந்ததால் வந்ததா, கம்பியால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது.

கை வெளுத்து ஜில்லென்று இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழைத்து ஆபரேஷன் வசதி தயாராக இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். நாடி கிடைக்காமல் கை சிவப்பாகவே இருந்தாலும் தாமதிக்காமல் எலும்பை நேராக்கிக் கம்பி போட்டுவிட்டு ஒன்றிரண்டு நாள் கண்காணிப்பார்கள். நாடி இருக்கிறது, விரல் சூடாக இருக்கிறது, அசைகிறது, வலி மருந்துக்கு அடங்குகிறது என்றால், டைப் மூன்றே ஆனாலும் காலையில் நிதானமாகச் செய்வதால் கெடுதல் இல்லை. நள்ளிரவில் களைத்த குழுவை எழுப்புவதைவிடக் காலை எட்டு மணிக் குழு மேல் என்பது என் கட்சி. ஆனால் இரவெல்லாம் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். அழுகை ஏறிக்கொண்டே போவது, அமைதியில்லாமல் புரளுவது, வலி மருந்து மேலும் மேலும் கேட்பது, விரலை மெல்ல நீட்டினால் அலறுவது, இவை வந்தால் 'பிள்ளை அடம் பிடிக்குது' என்று தூங்கவைக்காதீர்கள். கட்டை உடனே தளர்த்தி டாக்டரை எழுப்புங்கள்.

வழியில் செய்வதும் கொஞ்சம்தான். வளையல், கைக்கயிறு எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். கையை இருக்கிறபடி, லேசாக மட்டும் மடங்கிய நிலையில், அட்டையோ மடித்த துண்டோ வைத்துத் தாங்குங்கள். நீவக் கூடாது, சுளுக்கு எடுக்கக் கூடாது. அழுகையை நிறுத்த பன்னும் டீயும் வாங்கிக் கொடுக்காதீர்கள். மயக்கம் கொடுக்க வயிறு ஆறு மணி நேரம் காலியாக இருக்க வேண்டும். ஒரு பன் ஓர் இரவையே தள்ளிப்போடும்.

காவேரிப்பட்டணத்துப் பையனுக்கு நாடி இருந்தது, வட்டமும் வந்தது. காலையில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்கே போனார்கள். வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு கம்பி. நாலாவது வாரம் கட்டைப் பிரித்து, நர்ஸ் ஒரு கையைப் பிடிக்க, டாக்டர் குறடால் வளைந்த நுனியைப் பிடித்து லேசாகத் திருப்பி உருவினார். மயக்கம் இல்லை. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பையன் மட்டும் அந்தக் கம்பியை வீட்டுக்குத் தரச் சொல்லி அழுதிருக்கிறான்.

மறுவாரம் என்னிடம் வந்தார்கள். இந்த இடத்தில் என் தொழிலுக்கே எதிராக ஒன்று சொல்கிறேன்: சூப்ராகாண்டிலாருக்குக் கம்பி போட்ட பெரும்பாலான குழந்தைகளுக்கு நான் தேவையில்லை. விளையாட்டிலேயே கை நீண்டுவிடும். பெரியவர்கள் எண்ணெய் போட்டு உருவி, இழுத்து மடக்கினால்தான் மூட்டைச் சுற்றி எலும்பு படிந்து நிரந்தரமாக விறைக்கும். தினமும் எத்தனை தடவை மடக்க வேண்டும் என்று அந்த அப்பா நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தார். மடக்க வேண்டாம், இடது கையால் சட்டைப் பித்தான் போடட்டும், தண்ணீர்ச் சொம்பு தூக்கட்டும், மரம் மட்டும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். நோட்டில் எழுத ஒன்றுமில்லாமல் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்.

ஒரு மாதம் கழித்து வாட்சப்பில் படம் அனுப்பினார். பையன் இரண்டு கையையும் உள்ளங்கை மேலே தெரிய நீட்டிக்கொண்டு நிற்கிறான். இரண்டு முழங்கையின் கோணமும் ஒன்றுபோல இருக்கிறது, இடது மட்டும் இன்னும் கொஞ்சம் மடங்கியிருக்கிறது. காலாண்டு லீவு வரைக்கும் பொறுங்கள் என்று பதில் போட்டேன்.